நாய்க்குப் பருக்கள்: ஷாம்பூவா, மாத்திரையா?

சென்னைப் புழுக்கத்தில் நாயின் அடிவயிற்றிலும் தொடையிடுக்கிலும் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள் வருவது சகஜம். நுனியில் மஞ்சளாகச் சீழ் இருந்து, உடைந்த இடத்தில் தோல் வளையமாகச் செதில் உரிந்தால், பெரும்பாலும் பாக்டீரியா தொற்றுதான். அந்த வளையத்தைப் பார்த்துப் படர்தாமரை என்று முடிவுகட்டி, வீட்டிலிருக்கும் களிம்பைத் தடவுகிறவர்கள் உண்டு. வேண்டாம், நாய் அதை நக்கிவிடும்.

மேலோட்டமான தொற்று என்றால் என் ஓட்டு குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்பூவுக்கே. வாரம் இரண்டு, மூன்று முறை குளிப்பாட்ட வேண்டும். ஆனால் நுரை பத்து நிமிடம் உடம்பிலேயே ஊற வேண்டும், வம்பே அங்கேதான். ஒரு கை கழுத்துப்பட்டையில், ஒரு கண் கடிகாரத்தில், நாய் உதறுகிற உதறலில் பாத்ரூம் சுவரெல்லாம் நுரை. அப்புறம் நன்றாக அலசி, விரலிடுக்கு வரை துவட்ட வேண்டும்.

ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுப்பது சுலபம், அவித்த முட்டைக்குள் வைத்தால் உள்ளே போய்விடும். ஆனால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். பாதியில் நிறுத்துவதும், போன தடவை மிச்சமான மாத்திரையைக் கொடுப்பதும் கூடாது. ஆழமான புண், ரத்தம் கலந்த சீழ், சோர்வு என்றால் மருத்துவர் எழுதித்தரும் மாத்திரை அவசியம்.

சரி, தோலுக்கடியில் தனியாக உருளும் கட்டி? அதற்கு இரண்டுமே உதவாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்து மருத்துவரிடமோ காட்டி, ஊசியால் மாதிரி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.