ஓர் எஞ்சின் நின்றால் எந்தப் பாதை? ஆஸ்பென் புறப்பாட்டுக்கு நான்கு கணக்குகள்

கொலராடோவின் ஆஸ்பென் விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 7,820 அடி உயரத்தில், மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கின் அடியில் கிடக்கிறது. ஓடுபாதை ஒன்றே ஒன்று. நீளம் 8,000 அடிக்குச் சற்று மேல். அதன் தென்கிழக்கு முனை மேடு, அதற்கு அப்பால் மலை மறிக்கிறது. ஆகவே ஜெட் விமானங்கள் பெரும்பாலும் மேட்டை நோக்கி இறங்குகின்றன, வந்த வழியே பள்ளத்தை நோக்கிக் கிளம்புகின்றன. வருகிறவருக்கும் போகிறவருக்கும் வாசல் ஒன்றுதான்.

சிறிய வணிக ஜெட்களுக்குப் பயணத் திட்டம் போடும் மேசையில் சில ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே புதிதாக வந்தவர்கள் எல்லோரும் ஒருநாள் கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: “சார், புறப்பாட்டுத் தாளில் மைலுக்கு இத்தனை அடி ஏற வேண்டும் என்று போட்டிருக்கிறதே. ஒற்றை எஞ்சினில் அந்த அளவு ஏறிவிட்டால் போதும்தானே?” கேள்வி நியாயமானது. ஆனால் ‘போதும்’ என்றும் சொல்ல முடியாது, ‘போதாது’ என்றும் சொல்ல முடியாது.

அந்தத் தாளுக்குப் பெயர் எஸ்ஐடி. நம் ஊர் நாளிதழ் வாசகருக்கு எஸ்ஐடி என்றால் சிறப்புப் புலனாய்வுக் குழுதான் நினைவுக்கு வரும். இங்கே அது விமானம் கிளம்பியதும் எந்தத் திசையில், எந்த உயரத்துக்கு, எப்படி ஏற வேண்டும் என்று வகுத்த வழி. அதை வரைகிறவர் எல்லா எஞ்சின்களும் ஓடுகின்றன என்று வைத்துக்கொண்டுதான் வரைகிறார். எஞ்சின் நின்றால் என்ன செய்வது என்பது விமானத்தை இயக்குகிறவரின் பொறுப்பு. தாளை வரைந்தவருக்கோ கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கோ அதில் பங்கில்லை.

எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இடைவெளி புரியும். அமெரிக்கப் புறப்பாட்டு வழிகளில் தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால் கடல் மைலுக்கு 200 அடி ஏற வேண்டும். தடைகள் முட்டக் கூடாத சாய்தளம் அதற்குக் கீழே, மைலுக்கு 152 அடி சரிவில் போகிறது. இரட்டை எஞ்சின் ஜெட் ஒன்று, ஓர் எஞ்சின் நின்று சக்கரங்களை மடக்கியபின் குறைந்தது 2.4 சதவீதச் சரிவில் ஏற வேண்டும் என்பது சான்றிதழ் விதி. மைல் கணக்கில் அது 146 அடி. 152-க்குக் கீழே! இது வெறும் மொத்தக் கணக்கு. தடைகளைத் தாண்டுவதற்கான நிகரக் கணக்கில் இன்னும் 0.8 சதவீதத்தைக் கழிக்க வேண்டும், மிஞ்சுவது 97 அடி. பத்து மைல் போனதும் தாள் உங்களை 2,000 அடியில் எதிர்பார்க்கிறது. விதி கேட்கும் குறைந்தபட்சம் மட்டும் ஏறும் விமானமோ நிகரக் கணக்கில் 970 அடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறது.

ஆஸ்பெனில் தாள் கேட்பது 200 அல்ல. 14,000 அடி வரை மைலுக்கு 400 அடிக்கும் மேல் கேட்கிறது. கீழே வரும் கணக்குகளுக்கு வசதியாக 450 என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வழி: தாள் கேட்பதை ஒற்றை எஞ்சினில் கொடுப்பது

புதியவர் கேட்ட வழி இதுதான். ஓர் எஞ்சின் நின்றாலும் 450 அடி வரும் அளவுக்கு எடையைக் குறைத்துக்கொண்டு கிளம்புவது. இதன் பெரிய நன்மை எளிமை. எஞ்சின் ஓடினாலும் நின்றாலும் வழி ஒன்றே. விமானி புதிதாக எதையும் நினைவில் வைக்க வேண்டியதில்லை, கோபுரத்துக்கும் குழப்பமில்லை. சமவெளி விமான நிலையங்களில், மைலுக்கு 200 அடி மட்டும் கேட்கும் இடங்களில், நான் இதையே கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வேன். நவீன ஜெட்களுக்கு அங்கே பெரும்பாலும் எடை இழப்பே இருக்காது.

ஆஸ்பெனில் கதை வேறு. 450 அடி என்பது 7.4 சதவீதம். அது நிகரக் கணக்கில் வர வேண்டும் என்றால் மொத்தத்தில் 8.2 சதவீதம் வேண்டும், சான்றிதழ் கேட்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். கோடை மதியம் 25 டிகிரி வெப்பத்தில் காற்றின் அடர்த்தி கிட்டத்தட்ட 11,000 அடி உயரத்துக் காற்றுக்குச் சமமாகிவிடும். அந்தக் காற்றில் ஒற்றை எஞ்சினிடம் இதைக் கேட்பது, ஒற்றை மாட்டைப் பூட்டி இரட்டை மாட்டு வண்டியை மேட்டில் இழுக்கச் சொல்வது. பயணிகளையும் எரிபொருளையும் இறக்கிக்கொண்டே வந்தால் கடைசியில் விமானிகளும் இரண்டு பெட்டிகளும்தான் மிஞ்சும்.

அடுத்த சிக்கல் நேரம். 7,820-லிருந்து 14,000-க்கு ஏற 6,180 அடி. மைலுக்கு 450 அடி என்றால் பதின்மூன்றே முக்கால் மைல் தூரம். 150 நாட் (மணிக்கு 150 கடல் மைல்) வேகத்தில் அதைக் கடக்க ஐந்தரை நிமிடம். ஆனால் பல எஞ்சின்களில் புறப்பாட்டு உந்துவிசையை ஐந்து நிமிடத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சில எஞ்சின்களுக்கு, ஒன்று நின்றுபோனால், பத்து நிமிடம் அனுமதி உண்டு. உங்கள் எஞ்சினுக்கு எது என்று கையேட்டில் பார்க்காமல் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தால், மலைக்குப் பக்கத்தில் வைத்து விசையைக் குறைக்க வேண்டிய நிலை வரும்.

இத்தனை எடையை விலையாகக் கொடுத்தாலும் முழுப் பாதுகாப்பு கிடைக்கிறதா? இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஓடுபாதை முனைக்கு அருகிலேயே இருக்கும் குட்டையான மரம், கம்பம், வேலி போன்றவற்றுக்காகத் தாளில் ஏற்ற விகிதத்தைக் கூட்டுவதில்லை. அவற்றைக் குறிப்புப் பகுதியில் எழுதி ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு எஞ்சினும் ஓடினால் அவை பொருட்டில்லை. ஒற்றை எஞ்சினில், சக்கரம் இன்னும் மடங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில், அவைதான் முதல் எதிரி. 450 வருகிறது என்று நிம்மதியாக உட்கார்ந்தவர் அந்தக் குறிப்பைப் படித்திருக்க மாட்டார்.

இரண்டாம் வழி: தனக்கென ஒரு பாதை

ஓடுபாதை அலசல் என்று இதைச் சொல்வார்கள். ஜெப்பசன் போன்ற நிறுவனங்கள் கட்டணத்துக்குச் செய்து தருகின்றன, பெரிய விமான நிறுவனங்கள் தங்கள் பொறியாளர்களை வைத்தே செய்துகொள்கின்றன. எஞ்சின் நின்றால் மட்டும் பறப்பதற்கென்று, பள்ளத்தாக்கின் வளைவோடு வளைந்து போகும் தனிப் பாதை ஒன்றை வகுத்து, அதன் மேல் உள்ள தடைகளை ஒவ்வொன்றாக எண்ணி, எந்த வெப்பநிலையில் எத்தனை எடையோடு கிளம்பலாம் என்று அட்டவணை போட்டுக் கொடுப்பார்கள். ஒவ்வொரு எடைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கும். எடையைக் கட்டிப்போட்டது ஓடுபாதை நீளமா, ஏறும் திறனா, தடையா, பிரேக்கா என்று அந்த ஒற்றை எழுத்து சொல்லிவிடும். அட்டவணையில் நான் முதலில் தேடுவது எண்ணை அல்ல, அந்த எழுத்தை. ‘தடை’ என்று வந்தால் பாதையைப் பற்றி யோசிக்க இடமுண்டு. ‘ஏறும் திறன்’ என்று வந்தால் பாதையை எப்படி வளைத்தாலும் பயனில்லை, வெயில் தாழக் காத்திருக்க வேண்டியதுதான்.

இந்தப் பாதை ஏன் முதல் வழியைவிட அதிக எடையைத் தூக்க விடுகிறது? ஏற்றம் கூடியதால் அல்ல, அகலம் குறைந்ததால். எஸ்ஐடி வரைகிறவர் ஓடுபாதை முனையில் இருபுறமும் 500 அடி விட்டு, அங்கிருந்து 15 டிகிரி விரியும் விசிறிக்குள் உள்ள தடைகளை எல்லாம் கணக்கில் எடுக்கிறார். இரண்டு மைல் போனதும் நடுக்கோட்டிலிருந்து ஒரு பக்கம் மட்டும் சுமார் 3,750 அடி. அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்ஏஏவின் 120-91 எண்ணுள்ள ஆலோசனைச் சுற்றறிக்கை எஞ்சின் நின்ற நேர்ப்பாதைக்குச் சொல்லும் அகலம், போன தூரத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதே இரண்டு மைலில் 760 அடிதான். விசிறி இரு பக்க மலைச்சரிவுகளையும் வருடிக்கொண்டு போகிறது, அதனால்தான் தாள் அத்தனை ஏற்றம் கேட்கிறது. ஒடுங்கிய பாதை ஆற்றை ஒட்டியே நழுவிப் போய்விடுகிறது. மலை அதே மலைதான், எண்ண வேண்டிய பாறைகள்தாம் குறைந்தன.

ஐரோப்பிய விதிகள் இதில் இன்னும் கறார். 90 மீட்டரில் தொடங்கி, தூரத்தில் எட்டில் ஒரு பங்கு என்று விரியச் சொல்கின்றன. உச்சவரம்பு தடுக்காவிட்டால் இரண்டு மைலில் 550 மீட்டரைத் தாண்டும், அதாவது 1,800 அடிக்கு மேல். திருப்பத்தையும் வழிகாட்டும் கருவியின் துல்லியத்தையும் பொறுத்து உச்சவரம்பு 300, 600 அல்லது 900 மீட்டர். அமெரிக்க முறையில் நேர்ப்பாதைக்கு 2,000 அடியும் திரும்பும் பாதைக்கு 3,000 அடியும் உச்சம். ஐரோப்பிய அளவில் வரைந்தால் குறுகலான பள்ளத்தாக்குகளில் எடை இன்னும் குறையும். எது சரி? பக்கக் காற்றில் ஒற்றை எஞ்சினோடு நடுக்கோட்டைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்று சிமுலேட்டரில் பார்த்தபிறகு, எட்டில் ஒரு பங்கு என்பது எனக்கு மிகையாகத் தெரியவில்லை.

தனிப்பாதையின் பலவீனம் வேறோர் இடத்தில் இருக்கிறது. எஞ்சின் வி1 வேகத்தில், அதாவது புறப்பாட்டைக் கைவிட முடியாத கட்டத்தில், நிற்கும் என்று கணக்குப் போடுகிறோம். நிஜத்தில் அது 2,000 அடி ஏறிய பிறகும் நிற்கலாம். அப்போது விமானம் எஸ்ஐடியில் போய்க்கொண்டிருக்கும், தனிப்பாதை வேறு பக்கம் பிரிந்து போயிருக்கும். ஆஸ்பென் எஸ்ஐடி இடப்பக்கம் திரும்பி, மலை மேல் நிறுத்திய லோக்கலைசர் (நேர்கோட்டில் வழிகாட்டும் வானொலிக் கருவி) ஒன்றின் அலையைப் பிடித்து வெளியேறுகிறது. அந்தத் திருப்பத்துக்குப் பிறகு நின்றால் பழைய பாதைக்குத் திரும்புவதா, இதிலேயே தொடர்வதா? இரண்டு எஞ்சினும் அதுவரை ஓடியதால் கையில் நிறைய உயரம் சேர்ந்திருக்கும், பல நேரங்களில் தொடர்வதே சரி. ஆனால் அந்த முடிவை எஞ்சின் நின்ற பிறகு எடுக்கக் கூடாது. எந்தப் புள்ளி வரை தனிப்பாதை, எதற்குப் பிறகு எஸ்ஐடி என்று தரையில் இருக்கும்போதே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அட்டவணை வாங்கும் பலர் இதை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு தொல்லை: கோபுரத்துக்கு உங்கள் தனிப்பாதை தெரியாது. ‘மேடே’ என்ற அபாய அழைப்பைச் சொன்ன அதே மூச்சில் எங்கே திரும்புகிறீர்கள் என்றும் சொல்ல வேண்டும். பாதைக்கு அருகே புதிதாகக் கிரேன் ஒன்று முளைத்திருந்தால் போன மாதத்து அட்டவணை அதை அறியாது. நோட்டாம் (விமானிகளுக்கான அறிவிப்பு) படிக்கும் வேலை இங்கே இரட்டிப்பு.

மூன்றாம் வழி: கண்ணை நம்புவது

‘வானம் தெளிவு, பகல் நேரம், மலை கண்ணுக்குத் தெரிகிறது, பார்த்து ஒதுங்கிக்கொள்ளலாம்.’ தனியார் சொந்த உபயோகப் பயணங்களுக்கு அமெரிக்க விதிகள், எஞ்சின் நின்றபின் தடை தாண்டுவதற்குக் கணக்குக் கேட்பதில்லை. கட்டணச் சேவைகளில் ஓடும் பெரிய ஜெட்களுக்குத்தான் நிகரப் பாதை 35 அடி மேலாகவோ, பக்கவாட்டில் நிலைய எல்லைக்குள் 200 அடியும் வெளியே 300 அடியும் விலகியோ போக வேண்டும் என்ற கட்டாயம். ஆகவே சட்டப்படி இந்த வழி சிலருக்குத் திறந்தே இருக்கிறது.

இதில் அதிக நேரம் செலவிட வேண்டியதில்லை, ஒரே கணக்குப் போதும். 150 நாட் வேகத்தில் 15 டிகிரி சாய்ந்து விமானத்தைத் திருப்பிக்கொண்டு வந்த திசையை நோக்க, வட்டத்தின் விட்டம் சுமார் நாலரை கிலோமீட்டர். அதிகம் சாய்ந்தால் வட்டம் சுருங்கும், ஆனால் ஏற்றமும் சேர்ந்தே சுருங்கும். மலை கண்ணுக்குத் தெரிவது ஒன்று, அதைச் சுற்றிப் போக இடம் இருப்பது வேறொன்று. தெளிவான வானம் மற்ற வழிகளுக்குத் துணை நிற்கட்டும், அவற்றின் இடத்தில் அதை உட்கார வைக்க மாட்டேன்.

நான்காம் வழி: எரிபொருளைப் பிறகு நிரப்புவது

இது தனி வழியா, மற்றவற்றுக்கு ஒட்டா என்று கேட்டால் ஒட்டுதான். ஆனால் பல நாள்களில் பிரச்சினையைத் தீர்த்தது இதுவே. ஆஸ்பெனிலிருந்து நியூயார்க் வரைக்கும் தேவையான எரிபொருளை நிரப்பினால் அட்டவணை மறுக்கிறது. குறைவாக நிரப்பிக்கொண்டு, பள்ளத்தாக்கின் வழியே வடமேற்கில் இருக்கும் ரைஃபிள் விமான நிலையத்தில் இறங்கி, அங்கே தொட்டியை நிரப்பினால் வேலை முடிந்தது. ரைஃபிளின் உயரம் சுமார் 5,500 அடிதான். பயணிகளுக்கு இது பிடிக்காது. விடுமுறைக்கு வந்தவரிடம் ‘அரை மணி நேரம் பறந்து மறுபடி இறங்குகிறோம்’ என்று சொல்லிப் பாருங்கள். கிளம்பும் நேரத்தை மதியத்திலிருந்து காலைக்கு மாற்றினால் சில நாள்களில் இந்த நிறுத்தமே தேவைப்படாது. அதுவும் பிடிக்காது, விடுமுறையில் யாரும் ஆறு மணிக்கு எழுவதில்லை.

கேள்வி கேட்ட இளைஞரிடம் அன்று இரண்டு அட்டவணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துக் காட்டினேன். தாளின் ஏற்றத்தை ஒற்றை எஞ்சினில் கொடுக்கும் எடையில் பயணிகளில் பாதிப்பேரை விட்டுவிட்டுப் போக வேண்டியிருந்தது. தனிப்பாதையின் எடையில் எல்லோரும் ஏறலாம், எரிபொருள் ரைஃபிள் வரை. எடைக்குப் பக்கத்தில் ‘தடை’ என்ற எழுத்து. காலை எட்டு மணி வெப்பநிலைக்கு மாற்றியபோது எடை கொஞ்சம் கூடியது, எழுத்து மாறவில்லை. “அப்படியானால் தனிப்பாதைதானே சார்?” என்றார். ஆமாம் என்றேன். அவர் அட்டவணையை அச்செடுத்து விமானிக்கு அனுப்பப் போனார். நிறுத்தி, எஸ்ஐடியிலிருந்து பாதை பிரியும் இடத்தையும் அதைத் தாண்டினால் என்ன செய்வது என்பதையும் தாளின் மேல் ஓரத்தில் கையால் எழுதச் சொன்னேன். சிவப்புப் பேனா கிடைக்கவில்லை, பென்சிலால் எழுதினார்.