பதகளிப்புக்கும் கெட்ட கனவுக்கும் நான் போட்ட குளிசைகள்: ஒரு நீண்டகாலப் பாவனையாளரின் குறிப்பு

திருகோணமலை டவுனில் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். சொந்த ஊர் மூதூர். 2006 ஆகஸ்ட்டில் ஊருக்குள் சண்டை வந்தபோது கந்தளாய்ப் பக்கம் நடந்து போன சனத்துக்குள் நானும் இருந்தேன். அப்போது ஓ.எல். படிக்கிற வயது. அந்தக் கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. அதற்குப் பிறகு வருடக்கணக்காகக் கூடவே வந்த நித்திரைக் குழப்பத்துக்கும் பதகளிப்புக்கும் எந்த மருந்து என்ன செய்தது என்பதுதான் விஷயம். டயசிபாம், செர்ட்ராலின், புரொப்ரனலோல், மிர்டாசபின், பிரசோசின் என்று ஐந்தையும் போட்டுப் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நித்திரையாக்குகிற மருந்து வேறு, பயத்தைக் குறைக்கிற மருந்து வேறு. ஆட்கள் என்னிடம் கேட்பது எப்போதும் முதலாவதைப் பற்றி. எனக்கு உதவியது இரண்டாவது.

என் பிரச்சினை இதுதான். படுத்தால் நித்திரை வரும். இரண்டு மணி போலத் திடுக்கிட்டு எழும்புவேன், உடம்பெல்லாம் வேர்த்திருக்கும், நெஞ்சு அடித்துக்கொண்டிருக்கும். அதோடு அன்றைய நித்திரை முடிந்தது. வாசல் கதவைப் போய்ப் பார்ப்பேன், வந்து படுப்பேன், மறுபடியும் போய்ப் பார்ப்பேன். பகலில் சத்தம். எங்கள் கடலில் இன்னும் சிலர் டைனமைட் போட்டு மீன் பிடிக்கிறார்கள். சட்டப்படி தடைதான், ஆனாலும் நடக்கிறது. விடியப்புறம் கரையில் நிற்கும்போது அந்த அமுங்கிய 'டும்' கேட்டால், தலை அது டைனமைட் என்று சொல்லும் முன்னமே கால் ஓடத் தயாராகிவிடும். பெருநாள் வெடிக்கும் அப்படித்தான். உம்மா ஓதின தண்ணீர் வாங்கித் தந்தா, குடித்தேன். மனதுக்கு ஆறுதலாக இருந்தது, இப்போதும் குடிக்கிறேன். இரண்டு மணிக்கு எழும்புவது மட்டும் நிற்கவில்லை.

முதலில் கையில் கிடைத்தது டயசிபாம். நித்திரை இல்லை என்று வாய் திறந்தால் பக்கத்து வீட்டு அலுமாரியில் இருந்தே எடுத்துத் தருவார்கள், அவ்வளவு சாதாரணம். எனக்கு ஒரு தனியார் டிஸ்பென்சரியில் தந்தார்கள். என்ன கனவு, எப்போதிருந்து என்று ஒரு கேள்வி இல்லை. போகும்போதெல்லாம் உறையில் போட்டுக் கையில் தருவார்கள். முதல் இரவு அடித்துப் போட்ட மாதிரி நித்திரை, அதை மறுக்க மாட்டேன். ஆனால் போனை ஓஃப் பண்ணி வைத்தால் திரை இருளும், சார்ஜ் ஏறாது. அந்த நித்திரையும் அப்படித்தான் இருந்தது. காலை ஒன்பதுக்குக் கடையைத் திறப்பேன், தலை பன்னிரண்டுக்குத்தான் கடைக்கு வரும். டயசிபாம் உடம்பில் பாதியாகக் குறையவே பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். போகப் போக அதே அளவு போதாமல் போனது. ஒன்றரை, இரண்டு என்று கூட்டச் சொல்லிக் கேட்டது உடம்பு.

பிற்பாடு கடையில் வேலை இல்லாத நேரம் தேடி வாசித்ததில் தெரிந்தது: உலக சுகாதார நிறுவனம் 2013இலேயே, பெரிய அதிர்ச்சிக்குப் பிந்திய முதல் மாதத்தில் இந்த வகைக் குளிசைகளைக் கொடுக்க வேண்டாம் என்று வழிகாட்டி எழுதியிருக்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படையினருக்காக 2023இல் வந்த வழிகாட்டியும், அதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்த நோய்க்கு (PTSD) டயசிபாம் குடும்பம் வேண்டாம் என்றே சொல்கிறது. இதை வாசித்துவிட்டு யாரும் ஒரேயடியாக நிறுத்திவிட வேண்டாம். நாள்பட்டுப் போட்டவர்கள் சட்டென்று விட்டால் வலிப்புக்கூட வரலாம். எனக்குக் கிளினிக்கில் வாரக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்தினார்கள்.

அரச ஆஸ்பத்திரி மனநலக் கிளினிக்குக்கு நான் போனது 2020இல், ஊரடங்கு தளர்ந்த பிறகு. வாங்கில் குந்தியிருக்கும்போது தெரிந்த முகம் வந்துவிடுமோ என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. வந்தது. என் கடைக்கு டிஸ்ப்ளே மாற்ற வந்தவர். அவரும் என்னைப் பார்த்தார், நானும் பார்த்தேன், இரண்டு பேரும் கையில் இருந்த கிளினிக் கொப்பியைப் பார்த்தோம். இப்போது கடைக்கு வந்தால் முதலில் "கிளினிக் எப்ப?" என்று கேட்கிறார்.

டொக்டர் நிறையக் கேட்டார். எத்தனை மணிக்கு எழும்புகிறேன், கனவு ஒரே கனவா, எந்தச் சத்தம், சாகவேண்டும் என்று தோன்றியதா, முட்டு வருத்தம் (ஆஸ்துமா) இருக்கா, பிரஷர் எவ்வளவு. தைரொயிட்டுக்கும் இரத்தம் எடுத்தார்கள், அது கூடினாலும் இதே படபடப்பு வருமாம். அப்புறம் செர்ட்ராலின் 25 மில்லிகிராம் எழுதினார். "இது தலைவலிக் குளிசை மாதிரி இல்ல தம்பி. ஒரு மாசம் ஒண்ணும் தெரியாது, விட்டுடாதீங்க" என்று மிஸ்ஸி (நர்ஸ்) வாசல் வரைக்கும் சொல்லி அனுப்பினார்.

செர்ட்ராலின் மூளையில் செரட்டோனினை அதிக நேரம் தங்க வைக்கிற வகை. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அதே மருந்துதான். அதிர்ச்சிக்குப் பிந்திய மனவழுத்த நோய்க்கென்று அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தவை இரண்டே இரண்டு: 1999இல் செர்ட்ராலின், 2001இல் பரொக்செடின். எனக்கு முதல் இரண்டு கிழமை மோசம். ஓங்காளம், வயிற்றுப்போக்கு, பதகளிப்பு குறைவதற்குப் பதிலாகக் கூடினது. இரவில் போட்டால் கனவு இன்னும் தெளிவாக வந்தது. காலையில், சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றினார்கள், வயிறு அடங்கியது. தொழிலில் அடிபட்டது கைதான். போனுக்குள் இருக்கிற திருகாணி சில அரிசிக் குறுணியை விடச் சின்னன், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நீளம், இடம் மாறினால் போர்ட்டைத் துளைத்துவிடும். டுவீசரில் பிடித்த திருகாணி நடுங்குவதைக் கண்ணால் பார்ப்பேன், மெட்டில் விழுந்து உருளும். நல்ல வேலையெல்லாம் பக்கத்துக் கடைத் தம்பிக்குக் கொடுத்த காலம் அது. அதற்குப் புரொப்ரனலோல் 10 மில்லிகிராம், தேவைப்படும்போது மட்டும் போடத் தந்தார்கள். நெஞ்சுத் துடிப்பையும் கை நடுக்கத்தையும் அது அடக்கும். முட்டு வருத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது, அதனால்தான் முதலிலேயே கேட்டிருக்கிறார்கள். பயத்தில் அது கை வைக்காது. பயந்துகொண்டே நடுங்காமல் இருக்கலாம், அவ்வளவுதான். நடுக்கம் தானாக விட்டதும் அதை நிறுத்தினோம்.

செர்ட்ராலின் எப்போது வேலை செய்யத் தொடங்கியது என்று ஒரு நாளைக் குறித்துச் சொல்ல முடியாது. அளவு 50க்கும் பிறகு 100க்கும் போனது. ஒரு நாள் மனைவி தேத்தண்ணி தந்துகொண்டே, "இப்ப கொஞ்ச நாளா நீங்க ராவைக்கு எழும்பிக் கதவப் பாக்கிறல்ல" என்றா. யோசித்துப் பார்த்தால் உண்மைதான். கொஞ்ச நாள் கழித்துக் கரையில் நிற்கும்போது டைனமைட் சத்தம் வந்தது. தோள் ஒருமுறை குலுங்கியது. "படுபாவிகள் மீன் குஞ்சையெல்லாம் அழிக்கிறாங்களே" என்று கோபம் வந்தது. பயம் வரும் இடத்தில் கோபம் வந்ததை டொக்டரிடம் சொன்னபோது சிரித்துக்கொண்டே கொப்பியில் ஏதோ எழுதினார். பக்கவிளைவில் நீண்ட நாள் நின்றது இரண்டு. ஒன்று, தலையும் கழுத்தும் கண்டபடி வேர்ப்பது. திருகோணமலை வெயிலில் யாருக்கும் அது தெரியவராது. மற்றது குடும்ப வாழ்க்கையில் ஆசை மந்தமாவது. எங்கள் ஆட்கள் இதைச் சொல்ல வெட்கப்பட்டு, காரணம் சொல்லாமல் மருந்தை விட்டுவிடுகிறார்கள். சொன்னால் டொக்டர் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்ப்பார். நான் சொன்னேன், தரையில் பார்த்துக்கொண்டுதான், ஆனால் சொன்னேன்.

பகல் சரியாகி வந்தாலும் கனவு விடவில்லை. இடையில் மிர்டாசபின் கொடுத்துப் பார்த்தார்கள். நித்திரை நன்றாக வந்தது, பசி அதைவிட நன்றாக வந்தது. இரவு பதினொரு மணிக்கு எழும்பிக் கொத்துக்கடை தேடினேன். காற்சட்டை இறுகியதும் நிறுத்தச் சொல்லிக் கேட்டேன். மெலிந்துபோய்ச் சாப்பாடு இறங்காதவர்களுக்கு அதே மருந்து நல்லதாக அமையலாம்.

பிறகுதான் பிரசோசின். மருந்துத் துண்டைப் பார்த்ததும் பிழையாக எழுதிவிட்டார்களோ என்று நினைத்தேன், ஏனென்றால் எங்கள் மாமா பிரஷருக்குப் போடுவது அதுதான். பிழை இல்லை. அட்ரினலின் வகைச் சுரப்பு வந்து ஒட்டும் ஒரு வாசலை அது மறிக்கிறது. இரத்தக் குழாயில் மறித்தால் பிரஷர் இறங்கும், மூளையில் மறித்தால் இரவு நேர உசார்நிலை இறங்கும். அமெரிக்காவில் மரே ராஸ்கின்ட் என்ற மனநல மருத்துவர் முன்னாள் படையினரிடம் இதைப் பல வருடம் சோதித்தவர். சின்ன ஆய்வுகளில் நல்ல பலன் வந்தது. ஆனால் அவரே முன்னின்று 304 பேரிடம் செய்து 2018இல் வெளியான பெரிய ஆய்வில், மருந்தே இல்லாத வெறும் மாத்திரையை விட இது மேலாக இல்லை என்று முடிவு வந்தது. அப்படியிருந்தும் 2023 வழிகாட்டி, கெட்ட கனவுக்கு மட்டும் கொடுத்துப் பார்க்கலாம் என்று மெதுவான குரலில் சொல்கிறது. ஆக எல்லோருக்கும் கேட்கும் மருந்து இல்லை. எனக்குக் கேட்டது.

தொடக்கம் 1 மில்லிகிராம், படுக்கப் போகும்போது. முதல் குளிசை பிரஷரைத் தடாரென்று இறக்கி மயக்கம் போட வைக்கலாம், கட்டிலில் இருந்தபடியே போடு, இரவில் எழும்பினால் கொஞ்சம் குந்தியிருந்து எழும்பு என்றார்கள். மெல்ல மெல்லக் கூட்டி 4 வரை போனோம். இரண்டு மணிக்கு எழும்புவது முதலில் மூன்றரை ஆனது, அப்புறம் சில இரவுகளில் சுபஹ் பாங்குதான் எழுப்பியது. கனவு முழுதாகப் போகவில்லை. வருகிறது, ஆனால் அதில் நான் நடந்துகொண்டே இருக்கிறேன், ஓடுவதில்லை.

இதைத் தொழுகிறவர்கள் கவனிக்க வேண்டும். சுபஹ் தொழும்போது ஸுஜூதில் இருந்து நிலைக்கு எழும்பும் அந்த நொடியில் கண் இருட்டும். சுவரோரமாக நின்று தொழுதேன், கொஞ்ச மாதத்தில் பழகியது. நோன்பு காலம் இன்னொரு கணக்கு. நாள் முழுக்கத் தண்ணீர் இல்லாத உடம்பில் இந்த மருந்து கூடுதலாக வேலை செய்யும். நோன்பு தொடங்குமுன் கிளினிக்கில் கேட்டபோது, செர்ட்ராலினை ஸஹர் சாப்பாட்டோடும், பிரசோசினைத் தராவீஹ் முடிந்து வந்து நன்றாகத் தண்ணீர் குடித்த பிறகும் போடச் சொல்லி அளவையும் கொஞ்சம் இறக்கித் தந்தார்கள். பேரின்பத்தோடு நோன்பு பிடித்தேன் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பிடித்தேன்.

2022 பொருளாதார நெருக்கடி எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மருந்துத் தட்டுப்பாட்டில் செர்ட்ராலினும் போனது. வெளியில் வாங்கத் துண்டு தந்தார்கள், பெற்றோல் இல்லாமல் சைக்கிளில் பாமசி பாமசியாகத் திரிந்தேன். கிடைக்காமல் போன சில நாட்களில் தலைக்குள் சுர்ரென்று கரண்ட் ஓடும், கண்ணைத் திருப்பினால் தலை பின்னால் வந்து சேரும். அது மருந்து திடீரென்று நின்றதால் வருவது, பழைய நோய் திரும்பியதாக அர்த்தம் இல்லை. கடைசியில் வேறு கம்பனிக் குளிசை கிடைத்தது, நிறமும் வடிவமும் வேறு. உறையில் உள்ள பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரையும் மில்லிகிராமையும் பாருங்கள். வெறும் கடதாசி உறையில் போட்டுத் தந்தால் எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கவுன்சிலிங்கும் போனேன். வழிகாட்டிகள் பெரும்பாலும் இந்த நோய்க்கு மருந்தை விடப் பேச்சுச் சிகிச்சையைத்தான் முன்னுக்கு வைக்கின்றன. என் விஷயத்தில் மருந்து போட்டு நித்திரை வந்த பிறகுதான் அங்கே போய் வாய் திறக்க முடிந்தது. அதைப் பற்றி எழுதினால் இதைவிட நீளும். கிளினிக் வரைக்கும் போகத் தைரியம் வராதவர்கள் 1926க்குப் போன் எடுக்கலாம், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

வேறு வருத்தத்துக்கு மருந்து எடுக்கும்போது கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். முதுகு வலிக்கு எனக்கு ஒருமுறை ட்ரமடோல் எழுத வந்தார்கள், கொப்பியைப் பார்த்ததும் வெட்டிவிட்டு வேறு தந்தார்கள். செர்ட்ராலினோடு அது சேர்ந்தால் செரட்டோனின் அளவுமீறிக் காய்ச்சலும் நடுக்கமுமாக ஆபத்தாகலாம். வலிக்குத் தொடர்ந்து இபுபுரூபன் போடுகிறவர்களும் சொல்லுங்கள், வயிற்றில் இரத்தம் கசியும் வாய்ப்புக் கூடும்.

கடைக்கு வருகிறவர்கள் அதிகம் கேட்பது, வாழ்நாள் முழுக்கப் போடணுமா என்று. சுகமான பிறகும் குறைந்தது ஒரு வருடம் தொடரச் சொன்னார்கள், தொடர்ந்தேன். இப்போது செர்ட்ராலின் 50க்கு இறங்கியிருக்கிறது, வேர்வை குறைந்துவிட்டது, மற்றதும் சரி. பிரசோசின் 3இல் நிற்கிறது. அதைக் குறைப்பதா என்று அடுத்த கிளினிக்கில் பேச வேண்டும். பெருநாள் வெடி முடியும் வரைக்கும் தொட வேண்டாம் என்பது என் எண்ணம், டொக்டர் என்ன சொல்கிறாரோ பார்ப்போம்.