மாதிரிகளை இணைத்தல்: வரி ஒப்பீடா, கட்டமைப்பு ஒப்பீடா, செயல் பதிவா?

மென்பொருளின் வடிவமைப்பை விவரிக்கும் வரைமொழியான யுஎம்எல்லில் அமைந்த ஒரே மாதிரியை இருவர் தனித்தனிக் கிளைகளில், அதாவது தனியே வளரும் பதிப்புகளில், திருத்திய பின் அவற்றை ஒன்றாக்க மூன்று வழிகள் உள்ளன. கையருகே இருப்பது, கோப்புகளின் பதிப்புகளைப் பேணும் மென்பொருளான கிட்டின் வரி ஒப்பீடு. பொது மூதாதைப் பதிப்போடு இரு கிளைகளையும் வரிவரியாக ஒப்பிடும் இம்முறை நிரல் கோப்புகளுக்குப் பொருந்தும். ஆனால் மாதிரி என்பது ஒன்றையொன்று சுட்டும் உறுப்புகளின் வலை. மாதிரியைச் சேமிக்கும் எக்ஸ்எம்ஐ கோப்பில் உறுப்புகளின் வரிசை மாறினாலே, பொருள் மாறாத இடத்திலும் முரண்கள் முளைக்கும்.

முரணே எழாத இணைப்புதான் இதைவிட ஆபத்தானது. ஒருவர் 'பயனர்' வகுப்பை (வகுப்பு என்பது ஒரே வகைப் பொருள்களின் வார்ப்பு) 'உறுப்பினர்' வகுப்பின் வழித்தோன்றலாக்குகிறார். மற்றவர் தம் கிளையில் 'உறுப்பினரை' 'பயனரின்' வழித்தோன்றலாக்குகிறார். இரண்டும் கோப்பில் விலகிய இடங்களில் இருந்தால் கிட் அமைதியாக இணைத்துவிடும்; கிடைப்பதோ யுஎம்எல் தடைசெய்யும் மரபுரிமைச் சுழல்.

இரண்டாவது வழி கட்டமைப்பு ஒப்பீடு. எக்லிப்ஸ் மென்பொருள் உருவாக்கத் தளத்தின் இஎம்எஃப் கம்பேர் கருவி போன்ற இவ்வகை ஒப்பீடு, உறுப்புகளை அடையாள எண்ணாலோ, அது இல்லாதபோது உள்ளடக்க ஒற்றுமையாலோ பொருத்திய பிறகே வேறுபாடுகளைக் கணக்கிடுகிறது. ஆகவே பெயர் மாறிய வகுப்பு புதியதாகத் தோன்றாது. ஒருவர் நீக்கிய வகுப்பில் மற்றவர் பண்பொன்றைச் சேர்த்திருந்தால், அது உண்மையான முரணாகவே காட்டப்படும். யுஎம்எல் மாதிரிகளை வரையும் பாப்பிரஸ் கருவியில் மாதிரி ஒரு கோப்பிலும் அதன் வரைபடம் வேறொரு கோப்பிலும் இருப்பதால், இரண்டையும் ஓர் அலகாகக் கொண்டு இணைப்பது இன்றியமையாதது. வரி ஒப்பீட்டுக்கு இந்தத் தொடர்பே தெரியாது. இறக்குமதியின்போது அடையாள எண்கள் புதிதாக இடப்பட்டால் பொருத்தம் சிதைந்து, முழு மாதிரியும் நீக்கப்பட்டு மீண்டும் சேர்க்கப்பட்டதுபோலத் தெரியும் என்பதே இம்முறையின் பெருங்குறை.

மூன்றாவது வழியான செயல் பதிவு, அதாவது ஆய்வாளர்கள் லிப்பேயும் வான் ஊஸ்டெரோமும் 1992இல் முன்வைத்த செயல்வழி இணைப்பு, விளைவை விடுத்து, செய்த செயல்களையே பதிவு செய்கிறது. மாதிரிகளைச் சேமித்துப் பதிப்பு பேணும் இஎம்எஃப்ஸ்டோர் இவ்வழியைச் சேர்ந்தது. துணை வகுப்புகளில் உள்ள பொதுப் பண்பை மேல் வகுப்புக்கு நகர்த்துவது கட்டமைப்பு ஒப்பீட்டுக்குச் சிதறிய மாற்றங்களாகத் தெரியலாம். செயல் பதிவிலோ அது ஒரே நோக்கம் கொண்ட ஒரே செயல். இந்த நுட்பம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் குழுவினர் அனைவரும், செயல்களைப் பதிவுசெய்யும் தொகுப்பியையே (மாதிரியைத் திருத்தும் மென்பொருளையே) பயன்படுத்த வேண்டும். அதற்கு வெளியே நடந்த திருத்தத்துக்கு வரலாறு இல்லை.

ஒரு நேரத்தில் ஒருவரே திருத்தும்படி பூட்டு வழங்கி இணைப்பையே தவிர்ப்பது மிகச் சிறிய குழுக்களுக்குப் போதும்.

ஏற்கெனவே கிட்டில் இயங்கும் குழுவுக்குக் கட்டமைப்பு ஒப்பீட்டையே பரிந்துரைப்பேன்; அனைவரும் ஒரே தொகுப்பியில் பணியாற்றி, மேலே கண்ட பண்பு நகர்த்தல் போன்ற மறுசீரமைப்பும் அடிக்கடி நிகழ்ந்தால் மட்டுமே செயல் பதிவின் விலை தகும். எதைத் தேர்ந்தாலும் மேற்சொன்ன மரபுரிமைச் சுழலை இணைப்புக் கருவியே பிடித்துவிடும் என்று நம்பியிருக்க இயலாது, ஏனெனில் இருவரும் தொட்டவை வெவ்வேறு உறுப்புகள். எனவே இணைந்த மாதிரியின் மீது ஓசிஎல் விதிகளை (மாதிரிக்கான கட்டுப்பாடுகளை எழுதும் மொழியில் அமைந்த விதிகளை) ஓட்டி, அவை நிறைவேறிய பிறகே அதை முதன்மைக் கிளையில் ஏற்க வேண்டும்.