எழுத்துக்குள் புகைப்படம்: போட்டோஷாப்பா, கிம்பா? காவடி பேனர் செய்தவரின் அலசல்

மொரீஷியஸில் தைப்பூசக் காவடி பொது விடுமுறை நாள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்பே கோவில் வாசல்களில் பேனர் ஏறிவிடும். எங்கள் பேனரில் ‘தைப்பூசக் காவடி’ என்ற கொட்டை எழுத்துகளுக்குள் கோர் த கார்ட் மலை தெரிய வேண்டும் என்பது சங்கத்துப் பெரியவர்களின் ஆசை. கத்ர் போர்ன் பக்கம் போனவர்களுக்கு அந்த மலையும் அதன் சரிவில் இருக்கும் முருகன் கோவிலும் நன்றாகவே தெரியும். எழுத்துக்கு ஒரு நிறம் கொடுப்பதற்குப் பதிலாக, அந்த இடத்தில் புகைப்படத்தை நிரப்ப வேண்டும். பல வருஷம் இதை போட்டோஷாப்பில் செய்தேன். இப்போது கிம்ப் (GIMP) என்ற இன்னொரு படம் திருத்தும் மென்பொருளுக்கு மாறிவிட்டேன், திரும்பிப் போகும் எண்ணம் இல்லை. அதே நேரம் போட்டோஷாப் சில இடங்களில் உண்மையிலேயே மேல்தான். இரண்டையும் சொல்கிறேன்.

பார்வைக்கு வித்தியாசம் கிடையாது. அச்சாகி வந்த பேனரைப் பார்த்து இது எந்த மென்பொருளில் செய்தது என்று யாராலும் சொல்ல முடியாது. விலையும் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அடோபி 2013-லிருந்து சந்தாவுக்கு மாறிவிட்டது, கிம்ப் இலவசம். இந்த இரண்டையும் வைத்து நான் முடிவெடுக்கவில்லை. நான் பார்த்தது ஒன்றே ஒன்று: அடுத்த வருஷம் இந்தக் கோப்பைத் திறந்தால் எழுத்து எழுத்தாகவே இருக்குமா?

காவடியின் தேதியைப் பாருங்கள். 2024-இல் ஜனவரி 25. 2025-இல் பிப்ரவரி 11. 2026-இல் பிப்ரவரி 1. தேதி மாறினால் கொடியேற்றமும் மாறும், விரதம் தொடங்கும் நாளும் மாறும், அன்னதான நேரமும் மாறும். தலைப்பும் நிலையாக இருப்பதில்லை. அதே அளவு, அதே அலங்காரத்தில் ஏப்ரலில் ‘வருஷப் பிறப்பு’ என்று வேண்டும், புரட்டாசியில் கோவிந்தன் பூஜைக்கு வேண்டும், தீமிதிக்கு வேண்டும். புகைப்படம் நிரம்பிய எழுத்தை ஒவ்வொரு முறையும் அடியிலிருந்து செய்வதா, அல்லது சொல்லை மட்டும் தட்டி மாற்றினால் படம் தானாகவே புதிய எழுத்துக்குள் போய் உட்காருமா? கோவில் வேலைக்கு இதுதான் முக்கியம். ஒரே ஒரு கல்யாணப் பத்திரிகைக்குச் செய்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, அவர் எதில் வேண்டுமானாலும் செய்யலாம்.

முதலில் போட்டோஷாப். எழுத்து லேயருக்கு, அதாவது எழுத்து இருக்கும் அடுக்குக்கு, மேல் படத்தை வைத்து, கண்ட்ரோல், ஆல்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் கிளிப்பிங் மாஸ்க் ஆகிவிடும். கீழே இருக்கும் எழுத்தின் வடிவத்துக்குள் மட்டும் படம் தெரியும். எழுத்தை இருமுறை தட்டி மாற்றலாம், பெரிதாக்கலாம், சாய்க்கலாம், கடைசி வரை எழுத்தாகவே இருக்கும். எழுத்தைச் சுற்றி ஒரு கோடு வேண்டுமானால் ஸ்ட்ரோக் என்ற லேயர் ஸ்டைலைப் போட்டால் போதும், சொல் மாறும்போது கோடும் கூடவே மாறும். இந்த வசதிக்கு ஈடு கிம்பில் இன்னும் இல்லை என்றுதான் சொல்வேன்.

தமிழ் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ‘கொடியேற்றம்’ என்று தட்டினால் ஒற்றைக் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் இடம் மாறி உட்காரும். பிரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ என்ற தேர்வைப் போட்டால் சரியாகும். புதிய பதிப்புகளில் இந்தத் தொல்லை குறைந்துவிட்டது. எந்த மென்பொருளாக இருந்தாலும் முதலில் ‘கொடியேற்றம்’ என்று ஒருமுறை தட்டிப் பாருங்கள். கொம்பும் காலும் புள்ளியும் அந்த ஒரே சொல்லில் இருக்கின்றன. அது சரியாக வந்தால் மீதி எல்லாம் வரும். கிம்பில் இது எடுத்த எடுப்பிலேயே சரியாக வருகிறது.

அப்புறம் கிம்ப். இங்கேதான் நிறையப் பேர் தவறான வழியைக் கற்றுக்கொண்டு, கிம்ப் சரியில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலோர் சொல்லிக்கொடுப்பது ‘ஆல்ஃபா டு செலக்‌ஷன்’ வழி. எழுத்தின் வடிவத்தைத் தேர்வாக மாற்றி, படத்தில் அந்த அளவை வெட்டி எடுத்து ஒட்டுவது. பார்க்க அழகாக வரும். ஆனால் ஒட்டிய அந்த நிமிஷமே அது எழுத்து இல்லை, வெறும் படத்துண்டு. அடுத்த வருஷம் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமானால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இந்த வழியைத்தான் போட்டோஷாப்போடு ஒப்பிடுகிறோம் என்றால் போட்டோஷாப்பையே வாங்குங்கள் என்பேன்.

2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்து கிம்பில் வேறு வழி இருக்கிறது. ஒரு லேயர் குரூப் உருவாக்குங்கள். அதற்குள் கீழே எழுத்து லேயர், மேலே புகைப்படம். லேயர் பட்டியலில் புகைப்படத்தின் மேல் வலது பொத்தானை அழுத்தினால் ‘காம்போசிட் மோட்’ என்று ஒரு வரி வரும். அதில் ‘கிளிப் டு பேக்டிராப்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். அவ்வளவுதான். படம் எழுத்துக்குள் அடங்கிவிடும், எழுத்தும் உயிரோடு இருக்கும். ‘தைப்பூசக் காவடி’யை அழித்துவிட்டு ‘வருஷப் பிறப்பு’ என்று தட்டத் தட்ட, மலை ஒவ்வொரு எழுத்துக்குள்ளும் வந்து சேர்வதைக் கண்ணெதிரே பார்க்கலாம். குரூப் அவசியம். குரூப் இல்லாமல் போட்டால் பின்னணி லேயரும் சேர்ந்துகொண்டு படம் பேனர் முழுவதும் பரவிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. கிம்பில் எழுத்து லேயரை ஸ்கேல், ரொட்டேட் போன்ற கருவிகளால் இழுத்தால் அது சாதாரண லேயராக மாறிவிடும். பிறகு எழுத்தைத் திருத்தப் போனால் எச்சரிக்கை வரும், திருத்தினால் செய்த இழுப்பெல்லாம் போய்விடும். அளவு மாற்ற வேண்டுமா, எழுத்தின் பாயின்ட் அளவை மாற்றுங்கள். இடம் மாற்ற மூவ் கருவி போதும். வளைத்தும் சாய்த்தும் எழுத்தோடு விளையாட விரும்புகிறவர்களுக்கு போட்டோஷாப்தான் நிம்மதி.

இனி புள்ளி விஷயம். ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பார்க்க முடியாது. சாதாரணப் புகைப்படத்தில் மேலே இருப்பது வானம். தமிழ் எழுத்தில் மேலே இருப்பது புள்ளியும் இகர, ஈகாரக் கொக்கிகளும். வெள்ளைப் பின்னணியில் மலைப் படத்தை நிரப்பினால் எழுத்தின் அடிப்பகுதி பச்சையாகவும் கரும்பாறையாகவும் கம்பீரமாக நிற்கும். மேலே வெளிறிய வானம் விழுந்த இடத்தில் புள்ளி காணாமல் போகும். தைப்பூசக் காவடியில் இரண்டு புள்ளிகள்: ‘ப்’, ‘க்’. அவை மறைந்தால் ‘தைபபூசக காவடி’ என்றுதான் ஆள் படிப்பான். ‘டி’யின் கொக்கியும் தேய்ந்து ‘ட’ போலத் தெரியும். ஆங்கில எழுத்தில் ஓர் ஓரம் மங்கினாலும் எழுத்து மாறாது. நமக்கு ஒரு புள்ளி போனால் சொல்லே போய்விடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. பின்னணியை அரக்கு, கருநீலம் போல அடர்த்தியாக வைக்கலாம், அப்போது வெளிறிய வானமே புள்ளியைத் தூக்கிக் காட்டும். நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். இல்லையென்றால் படத்தை மேலே நகர்த்தி, வானத்தை எழுத்துக்கு வெளியே தள்ளிவிட்டு மலையின் உடம்பை மட்டும் எழுத்துக்குள் வைக்கலாம். மூன்றாவது, மெல்லிய கோடு. போட்டோஷாப்பில் ஸ்ட்ரோக் என்று சொன்னேனே, அது இங்கே உயிர் காக்கும். கிம்பில் 2025 மார்ச்சில் வந்த 3.0 பதிப்பின் எழுத்துக் கருவியிலேயே கோடு போடும் வசதி வந்திருக்கிறது. ஆனால் குரூப்புக்குள் இருக்கும் எழுத்தில் கோடு போட்டால் படம் அதையும் மூடிவிடும். அதனால் எழுத்து லேயரின் நகல் ஒன்றை எடுத்து, குரூப்புக்கு மேலே வைத்து, கோடு மட்டும் தெரியும்படி அமைக்க வேண்டும். சொல்லை மாற்றும்போது இரண்டு லேயரிலும் மாற்ற வேண்டும். கூடுதல் வேலைதான், மறைப்பதற்கில்லை. ஆனாலும் இரண்டிலும் எழுத்து எழுத்தாகவே இருக்கிறது, அது எனக்குப் போதும்.

எந்தப் படம் என்பதும் மென்பொருளைவிட முக்கியம். எழுத்துக்குள் காட்சி நிற்பதில்லை, பரப்புதான் நிற்கும். காவடியில் கட்டிய பூக்கள், தென்னங்குருத்து, எலுமிச்சை வரிசை, பால் சொம்பின் பித்தளை மினுக்கம், இவை எந்த எழுத்துக்குள் போனாலும் அழகு. கூட்டத்தின் படத்தைப் போட்டால் பாதித் தலைகளும் துண்டுக் கைகளும்தான் மிஞ்சும். சுவாமி முகத்தை எழுத்துக்குள் போட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கோட்டின் விளிம்பில் முருகன் கண் பாதியாக வெட்டுப்பட்டு நிற்பதைக் கோவில் வாசலில் யாரும் பார்க்கக் கூடாது. விரதம் இருந்து அலகு குத்தியவர்களின் முகத்தையும் எழுத்துக்குள் போடாதீர்கள்.

எழுத்துரு தடிமனாக இருக்க வேண்டும். பலூ தம்பி, கேடமரனின் பிளாக் எடை, முக்த மலரின் எக்ஸ்ட்ரா போல்ட் மூன்றும் கூகுள் எழுத்துருத் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எனக்குப் பிடித்தது பலூ தம்பி. முனைகள் உருண்டை, உள்வெளி குறைவு, அதனால் படத்துக்கு இடம் கிடைக்கிறது. பழைய பாமினி வகை எழுத்துருக்களைத் தவிர்த்துவிடுங்கள். அவற்றில் அடித்த தலைப்பை யூனிகோடில் தட்டுகிற அடுத்தவர் திருத்த முடியாது.

அளவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பேனரில் தலைப்பு மட்டும் 2 மீட்டர் அகலம் என்றால் சுமார் 79 அங்குலம். கைப்பேசியில் எடுத்த 4000 பிக்சல் அகலப் படம் அதில் அங்குலத்துக்கு 50 பிக்சல்போல வரும். தெருவுக்கு அந்தப் பக்கம் நின்று பார்க்கிற பேனருக்கு அது தாங்கும். அதே படம் வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் 1600 பிக்சலுக்குச் சுருங்கியிருக்கும், அங்குலத்துக்கு 20தான், கட்டம் கட்டமாகத் தெரியும். படம் அனுப்புகிற பிள்ளைகளிடம் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். நிறத்தைக் கறாராகப் பார்த்து, அச்சு மைகளின் நிறமுறையான சிஎம்ஒய்கே-யிலேயே வேலை செய்கிறவர்களுக்கு போட்டோஷாப் வசதி. கிம்ப் அடிப்படையில் ஆர்ஜிபி, அதாவது திரையின் நிறமுறை. ஃபிளெக்ஸ் பேனருக்கு எனக்கு அது தடையாகவில்லை, ஆனால் நல்ல தாளில் அச்சாகும் மலருக்கு நான் கிம்பைப் பயன்படுத்திப் பார்த்ததில்லை.

மற்றவை சுருக்கமாக. கான்வாவில் எழுத்து வடிவச் சட்டங்களுக்குள் படத்தை இழுத்துப் போடலாம், ஆனால் நான் தேடிய வரை அவை ஆங்கில எழுத்துகளுக்குத்தான். நமக்கு உதவாது. ஃபோட்டோபீ உலாவியிலேயே இயங்கும், போட்டோஷாப் போலவே கிளிப்பிங் மாஸ்க் உண்டு, போட்டோஷாப்பின் பிஎஸ்டி கோப்பையும் திறக்கும். கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு நல்ல வழி. நான் அதில் மற்றவர்களின் கோப்பைத் திறந்து பார்த்ததோடு சரி. கைப்பேசியில் பிக்சல்லேப் செயலியில் எழுத்துக்கு டெக்ஸ்சராகப் படத்தை வைக்கலாம், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸுக்கு அது தாராளம். இன்க்ஸ்கேப் இதில் தனி ரகம். எழுத்தின் விளிம்பு எந்த அளவுக்குப் பெரிதாக்கினாலும் கூர்மையாக இருக்கும். பெரிய அளவு வேலையில் அது கிம்பையே முந்தக்கூடும், ஆனால் ஒரு முழு பேனரை அதில் முடித்த அனுபவம் எனக்கு இல்லை.

கிம்புக்கு மாறுவதற்கு ஒரு விலை உண்டு. பழைய பிஎஸ்டி கோப்பைக் கிம்பில் திறந்தால் எழுத்தெல்லாம் படமாகத்தான் வரும். அமைப்பை ஒருமுறை புதிதாகச் செய்தே ஆக வேண்டும். ஆனால் அது ஒரே ஒருமுறை. சங்கத்தில் நிர்வாகக் குழு மாறும், பேனர் செய்கிற ஆள் மாறுவார், சந்தா கட்டுகிறவர் நிறுத்திவிடுவார். போட்டோஷாப் கோப்பு மட்டும் கையில் இருந்து சந்தா இல்லையென்றால், உள்ளே எழுத்து உயிரோடு இருந்தும் புதியவர் அதை போட்டோஷாப்பில் திறக்க முடியாது, ஃபோட்டோபீ போல வேறு வழிதான் தேட வேண்டும். கிம்ப் கோப்பை மோக்காவில் படிக்கிற மாணவரும் திறக்கலாம், பழைய கணினி வைத்திருக்கிற ஓய்வுபெற்ற தமிழாசிரியரும் திறக்கலாம்.

நான் ஒப்படைக்கிற கோப்புறையில் நான்கு இருக்கும்: கிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பு, எழுத்துரு, சுருக்காத மூலப் புகைப்படம், அச்சுக்குப் போன பிரதி. எழுத்துருவை நிறுவிய பிறகே கோப்பைத் திறக்க வேண்டும் என்று கோப்புறையின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்.