தடுப்பூசி இழப்பீட்டு வழக்குக்கு மூன்றில் ஒரு பங்கு கேட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்

அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களுக்காக எழுதுகிறேன். 2020 அக்டோபரில் நியூஜெர்சியில் ஒரு மருந்துக்கடையில் ஃப்ளூ ஊசி போட்டுக்கொண்டேன். போட்டவர் வலது தோளில் ரொம்ப மேலே குத்திவிட்டார். அன்று ராத்திரியே வலி. அடுத்த மாதம் மகளுக்குத் தலைபின்னக் கை எழவில்லை. அவள் தரையில் உட்காருவாள், நான் சோபாவில் இருந்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு பின்னுவேன். எம்ஆர்ஐ, ஸ்டீராய்டு ஊசி, எட்டு மாதம் பிசியோதெரபி என்று போயிற்று. மருந்தின் மேல் எனக்குக் குறை இல்லை. இன்றும் வருஷா வருஷம் இடது கையில் போட்டுக்கொள்கிறேன்.

ஊரெல்லாம் விளம்பரம் வைத்திருந்த ஒரு விபத்து வக்கீலிடம் போனோம். ஜெயித்தால் மூன்றில் ஒரு பங்கு அவருக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டார். இரண்டு வருடத்துக்கு மேல், எப்போது கூப்பிட்டாலும் “ரெக்கார்ட்ஸ் வந்துகொண்டிருக்கிறது” என்ற ஒரே பதில். 2023 ஆகஸ்டில் ஒரு தோழி, “அக்கா, கேஸ் நம்பர் என்ன?” என்று கேட்டாள். நம்பரே இல்லை. மருந்துக்கடைக்குக் கடிதம் எழுதியதோடு சரி, வழக்கே போடவில்லை!

தடுப்பூசி பாதிப்புகளுக்கான 1986 சட்டப்படி முதலில் மருந்துக்கடை மேலோ கம்பெனி மேலோ போகவே முடியாது. வாஷிங்டனில் உள்ள ஃபெடரல் கிளெய்ம்ஸ் கோர்ட்டில்தான் மனு போட வேண்டும். ஒவ்வொரு ஃப்ளூ ஊசிக்கும் வசூலிக்கும் 75 சென்ட் வரி சேரும் நிதியில் இருந்துதான் பணம் வருகிறது. வக்கீல் ஃபீஸையும் அந்த நிதியே தனியாகக் கொடுக்கும். நியாயமான அடிப்படையோடு போட்ட வழக்கு என்றால், தோற்றாலும் கொடுக்கும். நம் இழப்பீட்டில் வக்கீல் கை வைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. இது தெரியாமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

முதல் அறிகுறி தெரிந்த நாளில் இருந்து மூன்று வருடம்தான் கெடு. எனக்கு மிச்சம் இருந்தது இரண்டு மாதம். அந்தக் கோர்ட்டின் இணையதளத்தில் இந்த வழக்குகளை நடத்தும் வக்கீல்களின் பட்டியல் இருக்கிறது. அதில் ஒருவரைப் பிடித்து செப்டம்பரில் மனு போட்டோம். தடுப்பூசியால் வந்ததாக எடுத்துக்கொள்ளும் பாதிப்புகளுக்கு அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது; தோள் பாதிப்பு 2017 முதல் அதில் உண்டு. ஆனால் 48 மணி நேரத்துக்குள் வலி தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேல் நீடித்திருக்க வேண்டும். “ஊசி போட்ட அன்றிரவே வலி” என்று முதல் டாக்டர் குறித்து வைத்த ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றியது. நீங்களும் முதல் தடவை போகும்போதே தேதியைச் சொல்லி எழுதச் சொல்லுங்கள்.

2025இல் சமரசமாக முடிந்தது. தடுப்பூசியால்தான் வந்தது என்று எதிர்த்தரப்பான அரசு ஒப்புக்கொள்ளவில்லை என அந்தத் தாளில் படித்தபோது அழுகை வந்துவிட்டது. சமரசத்தில் பெரும்பாலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றார் புது வக்கீல்.

கோவிட் ஊசிக்கு இந்த வழி கிடையாது. அது தனித் திட்டம். ஊசி போட்டதில் இருந்து ஒரே வருடம்தான் கெடு, வக்கீல் ஃபீஸும் தரமாட்டார்கள்.

பணம் வந்த பிறகு பழைய வக்கீலிடம் இருந்து மூன்றில் ஒரு பங்கு கேட்டுக் கடிதம் வந்தது. சட்டப் பிரிவைக் காட்டிப் புது வக்கீல் பதில் எழுதினார். அதற்கப்புறம் பழைய வக்கீலிடம் இருந்து பேச்சே இல்லை.