ஏஜென்சியை நீக்கிய பிறகும் விளம்பரக் கணக்கு அவர்கள் கையில்: எச்சரிக்கை

சிறு வியாபாரம் ஒன்றின் கூகுள் ஆட்ஸ் (கூகுளில் விளம்பரம் கொடுக்கும் சேவை) கணக்கை விளம்பர ஏஜென்சி ஒன்று பார்த்துக்கொண்டிருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் யூசர் பட்டியலிலிருந்து ஏஜென்சியின் மின்னஞ்சலை உரிமையாளர் எடுத்துவிட்டார். பட்டியலில் மிச்சம் அவர் ஒருவர்தான். சில வாரம் கழித்துப் பார்த்தால், நிறுத்தி வைத்த கேம்பெயின் (விளம்பரத் தொகுப்பு) ஓடிக்கொண்டிருக்கிறது, தினசரி பட்ஜெட் ஏறியிருக்கிறது, பணம் அவருடைய கார்டிலிருந்து போகிறது. யார் என்ன மாற்றினார்கள் என்று காட்டும் சேஞ்ச் ஹிஸ்டரியைத் திறந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேராக அதே ஏஜென்சி ஊழியரின் மின்னஞ்சல்.

பலரும் இதை ஹேக்கிங் என்று நினைத்துப் பாஸ்வேர்டை மாற்றுவார்கள். அதில் ஒரு பயனும் இல்லை. ஏஜென்சி உள்ளே வந்தது மேனேஜர் அக்கவுண்ட் வழியாக. பல வாடிக்கையாளர்களின் கணக்குகளோடு லிங்க் செய்து, அவற்றை ஒரே இடத்திலிருந்து இயக்கும் கணக்கு அது. 'அட்மின்' பகுதியில் 'ஆக்சஸ் அண்ட் செக்யூரிட்டி' பக்கத்தில் யூசர்ஸ், மேனேஜர்ஸ் என்று தனித்தனி டேப் உண்டு. மேனேஜர் வழியாக வருகிறவர்களின் பெயர் யூசர்ஸ் டேபில் வராது. அங்கே எத்தனை பேரை நீக்கினாலும் மேனேஜர்ஸ் டேபில் இருக்கும் லிங்க் அப்படியேதான் இருக்கும். அந்த லிங்க்குக்கு ஓனர் உரிமையும் இருந்துவிட்டால், அவர்களால் புது யூசரைச் சேர்க்கவும் முடியும், உங்களையே வெளியேற்றவும் முடியும்.

லிங்க்கை வெட்டுவதற்கு உங்களுக்கு அட்மின் ஆக்சஸ் வேண்டும். பல ஏஜென்சிகள் இந்த இடத்தில்தான் விளையாடுகின்றன. 'உங்களுக்கும் ஆக்சஸ் கொடுத்திருக்கிறோம்' என்பார்கள்; திறந்து பார்த்தால் அது ரீட் ஒன்லி (பார்க்க மட்டும்), இல்லையென்றால் ஸ்டாண்டர்ட். ஸ்டாண்டர்டில் கேம்பெயினை மாற்றலாம், பட்ஜெட்டை மாற்றலாம், முழு அதிகாரம் கையில் இருப்பது போலவே தோன்றும். ஆனால் மேனேஜர் லிங்க்கைத் தொட முடியாது. யூசர்ஸ் டேபில் உங்கள் மின்னஞ்சலுக்கு நேராக 'அட்மின்' என்று இருக்கிறதா என்று இன்றே பாருங்கள், உறவு நன்றாக இருக்கும்போதே.

அட்மின் இருந்தாலும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். விளம்பரத்தைப் பார்த்து வந்தவர் வாங்கினாரா, அழைத்தாரா என்று எண்ணும் கன்வெர்ஷன் டிராக்கிங்கை ஏஜென்சியின் மேனேஜர் அக்கவுண்டிலேயே அமைத்திருக்கலாம். அப்படியானால் லிங்க் போகும்போது அதுவும் போய்விடும். கன்வெர்ஷனை நம்பி விளம்பர இடத்துக்குத் தானாகவே ஏலம் கேட்கும் ஸ்மார்ட் பிட்டிங் கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி ஆகிவிடும். முதலில் உங்கள் கணக்கிலேயே கன்வெர்ஷன் ஆக்‌ஷன் உருவாக்கி, அதை எண்ணும் சிறு கோடான டேக்கை வலைத்தளத்தில் போட்டு, எண்ணிக்கை பதிவாவதைப் பார்த்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மேனேஜர் கணக்கிலிருந்து பகிர்ந்த ரீமார்க்கெட்டிங் பட்டியல்களுக்கும் (ஏற்கெனவே தளத்துக்கு வந்தவர்களுக்கு மறுபடி விளம்பரம் காட்ட வைத்திருப்பவை) இதே கதி. கூகுளின் மற்ற சேவைகளான டேக் மேனேஜர், அனலிடிக்ஸ், பிசினஸ் புரொஃபைல் ஒவ்வொன்றுக்கும் தனி யூசர் பட்டியல். ஆட்ஸில் நீக்கினால் அங்கே நீங்காது.

பணம் கட்டும் விவரங்கள் இருக்கும் பேமெண்ட்ஸ் புரொஃபைலும் அப்படித்தான், இதைக் கிட்டத்தட்ட எல்லோரும் மறக்கிறார்கள். ஆட்ஸ் கணக்கில் இல்லாத ஒருவர் அதில் யூசராக நீடிக்கலாம். கூகுள் பேமெண்ட்ஸ் தளத்தில் செட்டிங்ஸ் திறந்து அந்தப் பட்டியலையும் சுத்தம் செய்யுங்கள்.

புதிதாக ஏஜென்சி பிடிப்பவர்கள் கணக்கைத் தாங்களே திறக்க வேண்டும். பாஸ்வேர்டு யாருக்கும் தேவையில்லை. மூன்று, மூன்று, நான்கு என்று பிரித்துக் காட்டப்படும் 10 இலக்கக் கஸ்டமர் ஐடியை மட்டும் கொடுங்கள். அவர்கள் மேனேஜர் அக்கவுண்டிலிருந்து கோரிக்கை அனுப்புவார்கள், நீங்கள் ஏற்றுக்கொள்ளலாம். ஓனர் உரிமை கேட்டால் மறுத்துவிடுங்கள். கேம்பெயின் நடத்த அது தேவையே இல்லை. நம்பிக்கையான இன்னொருவரையும் அட்மினாகச் சேர்த்து, இருவருமே டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் போட்டுக்கொள்ளுங்கள்.

மெட்டாவில் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம்) விஷயம் இன்னும் கடுமை. ஏஜென்சியின் பிசினஸ் போர்ட்ஃபோலியோவுக்குள் (ஒரு நிறுவனத்தின் பேஜ், கணக்குகளை ஒன்றாக வைக்கும் இடம்) உங்கள் விளம்பரக் கணக்கைச் சேர்த்துவிட்டால், அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. உங்கள் போர்ட்ஃபோலியோவிலேயே வைத்து, அவர்களுடைய பிசினஸ் ஐடியை வாங்கி அவர்களைப் பார்ட்னராக மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். பேஜ், பிக்ஸல் (மெட்டாவின் டேக்) இரண்டையும் இதேபோல் உங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள்.

கணக்கே ஏஜென்சியின் பெயரில் இருந்து, கார்டு மட்டும் உங்களுடையது என்றால்? அட்மின் ஆக்சஸ் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால், கீவேர்டு, நெகட்டிவ் கீவேர்டு (விளம்பரம் வரக்கூடாத சொற்கள்), விளம்பர வாசகம், சர்ச் டெர்ம்ஸ் (மக்கள் உண்மையில் தேடிய சொற்கள்) எல்லாவற்றையும் ரிப்போர்ட்டாக இறக்கிக்கொள்ளுங்கள். ரீட் ஒன்லி ஆக்சஸே அதற்குப் போதும். இறக்கி முடித்த பிறகு வங்கியில் சொல்லி அந்தக் கார்டை முடக்குங்கள். வரிசையை மாற்றாதீர்கள்: கார்டு நின்றது தெரிந்ததும் அவர்கள் முதலில் செய்வது உங்கள் ரீட் ஒன்லியைப் பிடுங்குவதுதான்.