இறந்த காலம்: மாற்றுவதா, விட்டுவிடுவதா?

நடந்து முடிந்ததை மாற்றும் சக்தி கிடைத்தால் மாற்றுவதா, அப்படியே ஏற்றுக்கொண்டு விட்டுவிடுவதா? இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

விலை: மாற்றினால் எதை இழப்போம் என்று முன்கூட்டித் தெரியாது. 1961-ல் அமெரிக்க வானிலை ஆய்வாளர் எட்வர்ட் லோரன்ஸ் தன் கணினி வானிலைக் கணக்கில் 0.506127 என்ற எண்ணை 0.506 என்று சுருக்கிப் போட்டார். கணக்கு ஓட ஓட வானிலையே வேறாகிவிட்டது. அதுபோல ஒரு பழைய சண்டையை அழித்தால், அப்புறம் கிடைத்த நட்பும் சேர்ந்தே போகலாம். விட்டுவிட்டால் வருத்தம் மட்டும்தான் விலை. கனமானதுதான், ஆனால் அளவு தெரிந்தது.

எளிமை: மாற்ற ஒரு நொடி போதும். ஏற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும்.

நிலைப்பு: மாற்றினால் கற்ற பாடமும் போய், அதே தவறு திரும்ப வரலாம்.

ஓர் உயிரைக் காப்பாற்ற முடியுமென்றால் நான் யோசிக்காமல் மாற்றுவேன். தவறான வேலை, சொல்லாத காதல், வீணான பணம் என்றால் விட்டுவிடுவதே சரி. நாம் புண்படுத்திய ஒருவர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றால் இரண்டுமே வேண்டாம். நேரில் போய் மன்னிப்புக் கேட்கலாம்.